வேண்டா, போ, மே

ரெக்கார்ட் பிளேயர் என்றால் என்னவென்று விளக்க வேண்டாத ஆட்களோடு பேசுவது ஒரு சுகம். ஊசியை வைத்ததும் பாட்டுக்கு முன்னால் ஒரு கரகரப்பு வருமே, அதை என் பேரனிடம் போட்டுக் காட்டினால் "ரிப்பேரா?" என்று கேட்கிறான். என் வயதுக்காரர்களான நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரு இசைத்தட்டில் அந்தக் கரகரப்பு முடிகிற இடத்தில் ஐந்து ஸ்வீடன் பையன்கள் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு நடந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஒலிம்பிக்ஸ் வருகிறது என்று மான்ட்ரியலைத் தோண்டிப் போட்டிருந்த குளிர்காலம் அது. எனக்குப் பத்து வயது. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பாவுக்குத் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வேலை. அங்கிருந்த விவசாயக் கல்லூரியில் மண் ஆராய்ச்சி. தரையே தெரியாமல் பனி மூடிக் கிடக்கிற ஊரில் மண்ணைப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, இவர்களைப் போல இளிச்சவாயர்கள் உண்டா என்று அம்மா சிரிப்பாள். முதல் வருடத்தில் சிரித்தாள். நான் சொல்லும் குளிர்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு தேய்ந்துவிட்டது.

இருட்டில் போய் இருட்டில் வருவார் அப்பா. நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அம்மா வீட்டில் ரேடியேட்டரோடு இருப்பாள். அந்த ரேடியேட்டர் டக் டக்கென்று தட்டும். ஆரம்பத்தில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்து பார்ப்பாள், பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். பால் வாங்க, தெப்பானர் என்கிற மூலைக்கடைக்குப் போனால் கடைக்காரர் "போன்ஜூர், மதாம்" என்பார். பல நாட்களில் நான் வீடு திரும்பும்வரை அவளிடம் பேசிய ஒரே மனிதர் அவர்தான். வீட்டில் பால் இருக்கும்போதே அவள் பால் வாங்கிவந்த நாட்கள் உண்டு. அப்போது எனக்கு அது மறதி என்று தோன்றியது.

வந்தபோது இரண்டு வருடம் என்றுதான் பேச்சு. இரண்டு மூன்றாகி, மூன்று நான்காகி, அந்த வருடம் அப்பாவுக்கு நிரந்தர வேலையே கிடைக்கும் போலிருந்தது. இருப்பதா, மெட்ராஸுக்குத் திரும்புவதா என்று அப்பா அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மாவும் அப்பாவிடம் கேட்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாய் எனக்கு மட்டும்தான், எனக்கோ என்ன கேட்பது என்று தெரியாது. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே அம்மா தனக்குத்தானே, "பேசாம ஊருக்கே போயிடலாம்" என்றாள். அந்த 'போயிடலாம்' என்பதில் நானும் சேர்த்தியா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும். படியேறும்போது மூன்றாவது மாடியிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தால்தான் எனக்கு மூச்சே வரும்.

டிசம்பருக்கு முன்னால் அப்பா ஒரு கூட்டத்துக்காக ஸ்வீடன் போய்வந்தார். எனக்கு ஒரு மரக்குதிரை. அம்மாவுக்கு ஒரு தட்டையான பழுப்புநிறப் பை. பிரித்தால் இசைத்தட்டு.

அந்த அட்டை இன்றும் கண்ணில் நிற்கிறது. ரோஜா நிறக் கோட்டும் மினுமினுக்கிற காலரும் போட்ட ஐந்து பையன்கள், தலையில் அரைப்படி எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். பின்னால் வால் நீண்ட பழைய காலத்துக் கார் ஒன்று பாதி பனியில் புதைந்து நின்றது. எழுபதுகளில் எல்லாப் பையன்களும் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு திரிந்தார்களே, இவர்கள் மட்டும் இருபது வருடம் பின்னால் போய் நின்றிருந்தார்கள்.

"என்னங்க, இவனுங்க நம்ம சினிமாவுல கிளப் டான்ஸுக்குப் பின்னாடி கிட்டார் வெச்சுட்டு நிப்பானுங்களே, அந்த மாதிரி இருக்கானுங்க" என்றாள் அம்மா.

"சும்மா, கடையில பார்த்தேன்" என்றார் அப்பா, ஷூவைப் பார்த்துக்கொண்டே.

"என்ன பாஷை?"

"ஸ்வீடிஷ்."

"எனக்கு எப்படிங்க புரியும்?"

"கேட்டுப் பாரேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அம்மா கேட்டாள். எங்களிடம் ஒரு பெட்டி பிளேயர் இருந்தது, மூடியே ஸ்பீக்கர். கைதட்டல் முடிந்து கிட்டார் டிங்கு டிங்கென்று ஆரம்பித்ததும் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, இது நம்ம பாட்டுடீ" என்றாள். நான் அவளைப் பைத்தியம் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. அந்தப் பையன்கள் அமெரிக்காவின் ஐம்பதுகளை ஆசை ஆசையாகப் போலச்செய்துகொண்டிருந்தார்கள். அதே பாட்டுகளை நம் சினிமாக்காரர்கள் ஐம்பதுகளிலேயே சூட்டோடு சூடாகச் சுருட்டிக்கொண்டு வந்து, அம்மா கல்லூரியில் படிக்கும்போது மெட்ராஸ் முழுக்க ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். அதனால் ஸ்வீடனிலிருந்து வந்த தட்டில் அம்மாவுக்குக் கேட்டது மெட்ராஸ்தான்.

முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. மெதுவான பாட்டு, சாக்ஸபோன் அழும். ஒருவன் இழுத்து இழுத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவான். பின்னால் மற்ற நால்வரும் ஊவென்று கூட வருவார்கள். அந்த வரி எங்கள் காதில் விழுந்தது இப்படித்தான்: வே...ண்டா, போ, மே.

"கேளுடீ! வேண்டா, போங்கறான்!" அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாரோ அவன வேண்டாம்னு தொரத்திட்டாங்க போல, அதான் அழறான். ஆனா கடைசில ஏன் ஆடு மாதிரி மேங்கிறான்?"

"ஆடே பாடறதோ என்னவோ" என்றேன்.

அதிலிருந்து அவனுக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்காரன் என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டுப் படியேறும்போது தாளிக்கிற வாசனைக்கு முன்னால் ஆட்டுக்காரன் குரல் வந்துவிடும். அம்மா கூடவே பாடிக்கொண்டு காய் நறுக்குவாள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் அப்பாவின் கம்பளிக் காலுறை. அந்தப் பாட்டு கேட்டால் அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அந்தத் தட்டின் மேல் அவ்வளவு பிரியம்.

ஒரு சனிக்கிழமை மாலை, மூன்றாவது பாட்டு ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ போகும்போது, கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் தரையை இடித்தார்கள். அம்மா பயந்து சத்தத்தைக் குறைப்பதற்குள் கதவில் கீழ் வீட்டு மதாம் நின்றார். கணவரை இழந்தவர், தலையில் சுருள் கட்டைகள், காலில் பஞ்சுச் செருப்பு. திட்டத்தான் வந்திருக்கிறார். ஆனால் சாக்ஸபோன் அழ ஆரம்பித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உள்ளே வந்து, "வேன்ட்டான்! வேன்ட்டான்!" என்று தன் மார்பில் தட்டிக்கொண்டார்.

"என்னடீ சொல்றாங்க?"

"இருபது வயசுன்னு சொல்றாங்கம்மா. பிரெஞ்சுல அப்படித்தான். பாட்டுலயும் அதான் வருதாம். அவங்களுக்கு இருபது வயசுல இந்த மாதிரிப் பாட்டுக்குத்தான் டான்ஸ் ஆடுவாங்களாம்."

"இருபது வயசாவது! வேண்டாம், போங்கறான் அவன். நல்லாக் கேக்கச் சொல்லு."

நான் தெருவில் பொறுக்கிய பிரெஞ்சில் சொன்னேன். மதாம் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவும் விடவில்லை. ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார்கள். ஒருவர் வேண்டா என்று பாட, ஒருவர் வேன்ட்டான் என்று பாட, வழக்கு தீராமல் கடைசியில் மதாம் அம்மாவின் இடுப்பில் கை போட்டு அவளைச் சுற்றவிட்டார். அடுப்பில் முட்டைக்கோஸ் தீய்ந்துகொண்டிருந்தது. அம்மா அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். கரண்டியை நீட்டி, எதிரில் ஆட்டுக்காரன் நிற்பது போலப் பாவனை செய்து, வாய் நிறையச் சிரிப்போடு "வேண்டா! போ!" என்று பாடினாள்.

அந்தக் கரண்டிக்கு நேரே, வாசலில், அப்பா நின்றுகொண்டிருந்தார். தோளில் பனி. கடைக்குப் போனவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. மதாம் சிரித்து "போன்ஸ்வார்" என்றார். அப்பா தலையை அசைத்தார், ரப்பர் காலணியைக் கழற்றினார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். களைப்பு என்று அம்மா நினைத்தாள். நானும்தான்.

பொங்கலுக்கு மான்ட்ரியலில் இருந்த ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்களும் டாக்டரம்மா வீட்டில் கூடுவோம். டாக்டரம்மா குழந்தைகளுக்குத்தான் வைத்தியம் பார்ப்பவர்; பெரியவர்களுக்கு ஆலோசனை இலவசம். அன்று அம்மா ஒரு மூலையில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அதில் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டுகள் குவித்திருந்த அறையில் என் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவும் அப்பாவும் பேசுவது கேட்டது.

"உங்க வொய்ஃபுக்கு மனசு சரியில்லைங்க. முகத்தப் பார்த்தாலே தெரியுது. வாயத் தொறந்து பேசவே மாட்டேங்கறாங்க."

"வீட்டுல பேசறாங்க" என்றார் அப்பா. பிறகு, "பாடறாங்க" என்றார்.

"என்ன பாடறாங்க?"

அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ஊருக்கு அனுப்பிடுங்க கொஞ்ச நாளைக்கு. இங்கயே வெச்சிருந்தா கஷ்டம்."

அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கீழ் வீட்டு மதாம் ஒரு மாலையில் செய்த வைத்தியத்தைப் படித்த டாக்டருக்குச் செய்யத் தெரியவில்லை. இதை இன்று சொல்வது சுலபம். அன்று எனக்குக் கேட்டது 'அனுப்பிடுங்க' என்ற ஒரு சொல்தான். கையுறை கிடைக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

பனி உருக ஆரம்பித்த ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா விமான டிக்கெட்டை வைத்தார்.

"ஏப்ரல்ல போட்டிருக்கேன்."

அம்மாவின் முகம் ஒரு நிமிடம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "எல்லாருமா?"

"உனக்குத்தான். இவளுக்கு ஸ்கூல் இருக்கே."

"எனக்கு மட்டுமா?"

"நீதானே..." என்று ஆரம்பித்து அப்பா நிறுத்திக்கொண்டார்.

"நான்தானே, என்ன?"

"ஒண்ணுமில்ல. ரசம் ஊத்து."

அம்மா ரசம் ஊற்றினாள். அந்த மேசையில் யாராவது ஒருவர் இன்னொரு வாக்கியம் பேசியிருக்கலாம். நானாவது 'போகாதே' என்று கத்தியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு, பெரியவர்கள் இவ்வளவு அமைதியாகச் செய்கிற காரியம் தப்பாக இருக்கும் என்று தோன்றாது.

அப்போதுதான் மிராபெல் விமான நிலையம் திறந்திருந்தார்கள், ஊரை விட்டு வெகுதூரத்தில், சோள வயல்களுக்கு நடுவே. அங்கே பயணிகள் ஒரு கூடத்தில் உட்கார்வார்கள். அந்தக் கூடமே சக்கரத்தில் கிளம்பிப் போய் விமானத்தோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா உள்ளே போய்க் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவே இல்லை, கையசைக்கவும் இல்லை, அறை மட்டும் நகர்ந்து போய்விட்டது. அந்தக் கட்டடத்தைப் பிற்காலத்தில் இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா இல்லாத வீட்டில் நான் அந்தத் தட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டு வருவதற்குள் அப்பா வந்து ஊசியைத் தூக்கிவிட்டார். கோபமாகக்கூட இல்லை. அடுத்த நாள் தட்டைக் காணவில்லை. எங்கே என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, காலி வீட்டில் கோட்டைக் கழற்றும்போது, கீழேயிருந்து ஆட்டுக்காரன் பாடினான். மதாமிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். நான் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, லினோலியத்தில் காதை வைத்துக் கேட்பேன். பாட்டு கேட்டால் அம்மா இருக்கிறாள் என்று பழகிப்போன உடம்பு. எழுந்து பார்த்தால் அடுப்பு ஆறிக் கிடக்கும். அந்த மாதிரித் தனிமையை நான் பிறகு எந்த வயதிலும் அனுபவித்ததில்லை. இரண்டு வருடம் கழித்து மதாம் வில்லரேயில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தட்டும் போய்விட்டது.

அம்மா போனது மூன்று மாதத்துக்கு. அது ஆறு மாதமானது. பிறகு அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு இங்கே நிரந்தரமானது. பிரிந்தார்கள் என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. நம்மவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லாமலே வாழ்க்கையை ஓட்டிவிடுவார்கள். "அவருக்கு அங்க வேலை, எனக்கு இங்க வேலை" என்பாள் அம்மா. விடுமுறையில் நான் மெட்ராஸ் போவேன். அப்பா என்னை விமானம் ஏற்றிவிடுவதோடு சரி. ட்ரங்க் காலில் கத்திக் கத்திப் பேசுவோம். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அம்மா, "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். போனை வைத்ததும் அப்பா, "அம்மா ஏதாவது கேட்டாளா?" என்பார். "நீங்க ஏதாவது சொன்னீங்களான்னு கேட்டாங்க" என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்.

எனக்குக் கல்யாணமாகி, என் மகள் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இருந்த காலம். ஒரு மாலை அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். இன்னொரு தாய் தன் பையனுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டதும் அவன் பனியில் தெருவைப் பார்த்து ஓடினான். அவள் பின்னாலேயே ஓடிக்கொண்டு கத்தினாள்: "வென்ட்டா போ மேய்!"

நான் நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவள் பையனைப் பிடித்துக்கொண்டு திரும்பியதும், ஸ்வீடனா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இப்போது என்ன சொல்லிக் கத்தினாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள். நில், எனக்காகக் காத்திரு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன். "அப்பா, அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா? அதுக்கு அர்த்தம் எனக்காகக் காத்திருங்கறதாம்."

"தெரியுமே" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "கடையில இருந்த பொண்ணு சொல்லுச்சு. அதுக்குத்தான் வாங்கினேன்."

"எதுக்கு?"

"அந்த வேலை ஒரு முடிவுக்கு வரணும்ல. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, நான் சொல்றேன்னு..." பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். "எனக்கு அதெல்லாம் வாயால சொல்ல வராது."

"அம்மாகிட்ட அர்த்தத்தையாவது சொன்னீங்களா?"

"கேட்டுப் பாருன்னு சொன்னேனே. அவ என்கிட்ட கேக்கவே இல்ல."

"அவங்க கேட்டாங்கப்பா. குளிர்காலம் பூரா கேட்டாங்க. நீங்க உங்ககிட்ட அர்த்தம் கேக்கச் சொல்லியிருக்கீங்க, அவங்க பாட்டக் கேட்டாங்க."

அப்பா பேப்பரை மடித்தார். "கேக்கலைன்னாலும் பதில் சொன்னாளே. வேண்டா, போன்னு. என் மூஞ்சிக்கு நேரா."

"அவங்க காதுல விழுந்தத அப்படியே பாடினாங்கப்பா. ஸ்வீடிஷ் அவங்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பாட்டுல அப்படித்தான் வருதுன்னு நினைச்சாங்க. நானும்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். என் மகள் வந்து அவர் மடியில் ஏறினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

அப்பா கிளம்புவதற்கு முன்பே மெட்ராஸுக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. உடம்பு, மழை, வேலைக்காரி எல்லாம் பேசிவிட்டு அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"அப்பா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரும்மா" என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்தெரி வாசலில் கேட்டது, கடைப்பெண் சொன்னது, கேட்டுப் பார் என்றது. கடைசியில் அம்மா, "அப்ப அந்த மே?" என்றாள்.

"மேன்னா 'என்னை'ன்னு அர்த்தமாம். எனக்காக."

"அந்த ஆடு இவரா?" என்று அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். மதாமோடு ஆடிய அன்று சிரித்த அதே சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் அப்பா எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்திருன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா. "அர்த்தம் தெரியாமலே நான் இத்தன வருஷமா அதத்தானடீ பண்ணிட்டிருந்தேன்."